சராசரி மனிதனின் எடை

விமான நிலையத்தில் நம்மில் பலரும் கண்டு பழகிய காட்சி ஒன்று உண்டு. பயணச்சீட்டைச் சரிபார்க்கும் மேடையருகே ஓர் எடைப்பொறி. வளைகுடா நாட்டுக்கோ, மலேசியாவுக்கோ, புனிதப் பயணத்துக்கோ புறப்பட்டு நிற்பவர் தம் பெட்டியை அதன்மேல் ஏற்றுகிறார். அனுமதித்த அளவுக்கு இரண்டு கிலோ கூடிவிட்டால் போதும். பெட்டி மீண்டும் தரைக்கு இறங்குகிறது. பூட்டுத் திறக்கப்படுகிறது. தாயும் மனைவியும் இரவெல்லாம் கண்விழித்துக் கட்டிய பொதிகளில் எதை எடுப்பது, எதை விடுப்பது என்ற தடுமாற்றம் தொடங்குகிறது. சபருக்குச் செல்பவரின் மனம், வெளியே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கும் உறவினரை நாடித் தவிக்கும் வேளை அது.

பெட்டியை இத்துணைக் கண்டிப்புடன் நிறுத்துப் பார்க்கும் அந்த மேடையில், பெட்டிக்கு உரியவரை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரும் நூற்றுப்பத்துக் கிலோ எடையுள்ள ஒருவரும் அடுத்தடுத்து வந்து நின்றாலும், இருவரிடமும் கேட்கப்படுவது பெட்டியைப் பற்றித்தான். ஆயின், தரையைவிட்டு எழ முயலும் விமானத்துக்குப் பெட்டியின் எடை வேறு, மனிதனின் எடை வேறு என்ற பாகுபாடு கிடையாது. எல்லாம் அதற்குச் சுமையே.

அப்படியானால், தாம் ஏற்றிச் செல்லும் மனிதர்களின் எடையை விமானி எவ்வாறு அறிகிறார்? அவர் அறிவதில்லை, அனுமானிக்கிறார். நூற்றுக்கணக்கான உயிர்கள் ஓர் அனுமானத்தின்மீது அமர்ந்து வானில் பறக்கின்றன. இச்செய்தி முதன்முறை செவியில் விழும்போது நெஞ்சு சற்றுத் துணுக்குறத்தான் செய்கிறது. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் வைத்துக்கொண்டு, அதன்மேல் பிறருடைய உயிரை ஏற்றலாமா? இந்த வினாவை விமானத்தோடு நிறுத்திவிட முடியாது. நம் அன்றாட வாழ்வின் அறத்தையும் அது தொடுகிறது. ஆதலின், சற்று நின்று ஆராய்வோம்.

சுமையும் சமநிலையும்

விமானம் ஒவ்வொன்றும் புறப்படுமுன் அதற்கென ஒரு சுமைப்பட்டியல் எழுதப்படுகிறது. வெற்று விமானத்தின் எடை, எரிபொருளின் எடை, சரக்கின் எடை, பயணிகளின் எடை, அவர்தம் பெட்டிகளின் எடை ஆகிய அனைத்தும் அதில் கூட்டப்படும். எத்தனை வேகத்தில் விமானம் தரையைவிட்டு எழவேண்டும், பொறிகளுக்கு எவ்வளவு விசை கொடுக்கவேண்டும், ஓடுபாதை போதுமா என்பனவெல்லாம் அந்தக் கூட்டுத்தொகையைச் சார்ந்தவை.

சுமை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் அறியப்படவேண்டும். பழைய கடைகளில் தொங்கிய வெள்ளிக்கோலை நினைவிற்கொண்டால் இது எளிதில் விளங்கும். கோலைத் தாங்கும் இடம் சற்றே நகர்ந்தாலும் சமநிலை மாறிவிடும். விமானத்துக்கும் அத்தகைய எடை மையம் ஒன்று உண்டு. அது குறித்த எல்லைக்குள் இருந்தால்தான் விமானியின் கைக்கு விமானம் கட்டுப்படும். மையம் எல்லைகடந்து பின்னோக்கிச் சென்றுவிட்டால் விமானத்தின் மூக்கு தானே மேல்நோக்கி எழும். அதைத் தாழ்த்துவது அரிதாகிவிடும்.

இத்தகைய கணக்கில் மனிதனுக்குரிய எண்ணாக என்ன எழுதுவது? இங்கேதான் 'சராசரி மனிதன்' வந்து அமர்கிறான். பெரிய விமானங்களுக்காக ஐரோப்பிய விதிகளில் பல்லாண்டு வழங்கிவந்த கணக்கின்படி, வயதுவந்த பயணி ஒருவர் கைப்பையோடு சேர்த்து 84 கிலோ. ஆண், பெண் எனப் பிரித்தால் ஆணுக்கு 88, பெண்ணுக்கு 70. இரண்டு வயதுமுதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு 35. பெட்டிகளை நிறுக்காதபோது உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி ஒன்றுக்கு 11 கிலோ, ஐரோப்பாவுக்குள் 13, கண்டம் கடந்தால் 15. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வயதுவந்தோருக்குக் கோடையில் 180 பவுண்டு என்றும், குளிர்காலத்தில் 185 பவுண்டு என்றும் வகுத்திருந்தது. அதாவது ஏறத்தாழ 82 கிலோவும் 84 கிலோவும். இடையிலுள்ள ஐந்து பவுண்டு குளிருக்கு அணியும் கனத்த உடைக்கு.

எண்பத்து நான்கு கிலோ எடையுள்ள அந்தச் சராசரி மனிதனை நாம் எங்கும் சந்திக்கமுடியாது. அவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, முகமில்லை. எனினும் உலகின் விமானங்கள் பலவற்றில் ஒவ்வோர் இருக்கையிலும் அவனே அமர்ந்து பயணம் செய்கிறான்.

அனுமானம் பொய்யாகுமா?

தொடக்க நாட்களில் இப்படி இல்லை. 1920களில் இலண்டன் நகரின் குரோய்டன் விமான நிலையத்தில் பயணிகளைப் பெட்டியோடு எடைப்பொறியின்மேல் ஏற்றி நிறுத்தே அனுப்பினர். விரல்விட்டு எண்ணத்தக்க பயணிகளே சென்ற காலம் அது. விமானங்கள் பெருத்து, பயணிகள் பல்கிப் பெருகியபின் அந்த வழக்கம் மறைந்தது. ஒவ்வொருவரையும் நிறுப்பதற்கு நேரமில்லை, நிறுக்கப்படுவதற்கு மனமுமில்லை.

அங்ஙனமாயின், சுமைப்பட்டியலில் எழுதப்படும் எண் பொய்யா? பொய் என்று நாம் சொல்லமாட்டோம். உண்மை தெரிந்திருந்தும் அதை மறைத்துச் சொல்வதே பொய். உண்மையை முழுதும் அறியவியலாத இடத்தில், அறிந்தவற்றைக்கொண்டு நேர்மையாக ஒரு முடிவுக்கு வருவது அனுமானம். அனுமானமின்றி மனித வாழ்க்கை ஒருநாளும் நடவாது. விருந்துக்குச் சோறு ஆக்குகிறவர் ஒவ்வொருவர் வயிற்றையும் அளந்தா உலை வைக்கிறார்? ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு படிக்கணக்கு அவர் கையில் இருக்கிறது. பெரும்பாலும் அது பொய்ப்பதில்லை.

ஏன் பொய்ப்பதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருவர் குறைவாக உண்கிறார், மற்றொருவர் மிகுதியாக உண்கிறார். ஒன்று மற்றொன்றை ஈடுசெய்துவிடுகிறது. முந்நூறு பேர் அமர்ந்த விமானத்திலும் இதுவே நடக்கிறது. கனத்தவரும் மெலிந்தவரும் கலந்து அமர, கூட்டுத்தொகை சராசரியை ஒட்டியே நிற்கும். நாணயத்தைப் பத்துமுறை சுண்டினால் ஏழுமுறை தலை விழுவது வியப்பன்று. ஆயிரம்முறை சுண்டினால் எழுநூறுமுறை தலை விழுவதை எவரும் காணப்போவதில்லை. கூட்டம் பெரிதாக ஆக, சராசரியின் சொல் உறுதியாகிறது. கூட்டம் சிறிதாக ஆக, அந்தச் சொல் தளர்கிறது. இதனால்தான் ஒன்பது பேருக்கு மேல் அமரவியலாத மிகச் சிறு விமானங்களில் பயணியின் எடையை அவரிடமே கேட்டு எழுதும் முறைக்கு விதிகள் இடம் தருகின்றன.

இதுவரை எல்லாம் சரியே. ஆனால் சரியான முறையொன்று எவ்வாறு உயிர்களைக் காவுகொண்டது என்பதை இனிக் காண்போம்.

சார்லட் நகரில் ஒரு காலை

2003ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லட் விமான நிலையம். ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் சிறு விமானம் ஒன்று, பக்கத்து மாநிலத்திலுள்ள கிரீன்வில் செல்லப் புறப்பட்டது. பீச்கிராஃப்ட் 1900டி என்னும் வகையைச் சேர்ந்த அதில் பத்தொன்பது பயணிகளும் விமானிகள் இருவரும் இருந்தனர். சுமைப்பட்டியல் முறைப்படி எழுதப்பட்டிருந்தது. கூட்டுத்தொகை, அவ்வகை விமானத்துக்கு உச்ச அளவாகிய 17,120 பவுண்டுக்கு உட்பட்டே இருந்தது. காகிதத்தில் குறையேதும் இல்லை.

ஓடுபாதையைவிட்டு எழுந்ததும் விமானத்தின் மூக்கு மேல்நோக்கி எழத் தொடங்கியது. விமானிகள் இருவரும் தம் முழு வலிமையோடு அதைத் தாழ்த்த முயன்றனர். அது தாழவில்லை. ஒரு நிமிடம் நிறைவதற்குள் விமானம் நிலையத்திலிருந்த கட்டடமொன்றின்மீது மோதி எரிந்தது. இருபத்தொரு பேரும் மாண்டனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிவந்தன. முதலாவது, இரு நாட்களுக்குமுன் இரவில் நடந்த பழுதுபார்ப்பில் வாலிலுள்ள ஏற்ற இறக்கத் தகட்டின் கம்பிவடம் தவறாகப் பூட்டப்பட்டிருந்தது. செய்யவேண்டிய படிகள் சில விடப்பட்டிருந்தன. மேற்பார்த்தவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மூக்கைத் தாழ்த்துவதற்காக அத்தகடு இறங்கவேண்டிய அளவில் ஏறத்தாழப் பாதியே இறங்கியது. இரண்டாவது, விமானத்தின் சுமை. கருகிக் கிடந்த பெட்டிகளை எடுத்து நிறுத்தனர். மாண்டவர்களின் எடையை மருத்துவரிடமும் உறவினரிடமும் கேட்டுத் தொகுத்தனர். உச்ச அளவைவிட ஏறத்தாழ 580 பவுண்டு, அதாவது 260 கிலோவுக்கு மேல், மிகுதியாக இருந்தது. எடை மையமும் எல்லையைத் தாண்டிப் பின்னால் இருந்தது.

பழுதுபார்ப்புக்குப் பின்னரும் அந்த விமானம் சிலமுறை பறந்து பத்திரமாக இறங்கியிருந்தது. குறை இரண்டில் ஒன்றுமட்டும் இருந்திருந்தால் அது தப்பியிருக்கக்கூடும். இரண்டும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன.

உயிரோடு இருந்தபோது எவரும் கேட்காத எடையை, உயிர் போனபின் வீட்டாரிடம் கேட்கவேண்டி வந்ததே! தந்தையின் எடை என்ன, மகளின் எடை என்ன என்று விசாரணைக்காரர் கேட்க, அழுகையினூடே அந்த எண்ணைச் சொல்லிய உறவினரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

விபத்தையடுத்து அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், பத்துமுதல் பத்தொன்பது இருக்கைகள் கொண்ட விமானங்களில் பயணிகளை மெய்யாகவே நிறுத்துப் பார்க்கச் செய்தது. கணக்கில் வைத்திருந்ததைக் காட்டிலும் பயணி ஒருவர் இருபது பவுண்டுக்கு மேல் கனத்திருந்தார். பெட்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு பவுண்டு கனத்திருந்தது. இருபது பவுண்டு என்பது ஒன்பது கிலோ, ஒருவரளவில் அற்பம். பத்தொன்பதால் பெருக்கினால் 380 பவுண்டு. பட்டியலில் பெயரில்லாத இரண்டு மனிதர்கள் அந்த விமானத்தில் மறைந்திருந்து பயணம் செய்தார்கள் என்றே சொல்லலாம்.

இருவகைப் பிழைகள்

இங்கே தவறியது எது? கனத்தவரும் மெலிந்தவரும் ஈடாகிவிடுவர் என்றோமே, அந்த நியாயம் ஏன் கைகொடுக்கவில்லை? கூட்டம் சிறியது என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் வேறொன்று உண்டு. சராசரியே மாறிப்போயிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நாட்டு மக்களின் உடல் பருத்தது; அவர்கள் சுமந்து சென்ற பெட்டிகளும் பருத்தன. ஏட்டிலிருந்த எண்மட்டும் இளைத்தபடியே இருந்தது.

பிழைகள் இருவகைப்படும் என்பதை இதிலிருந்து உணர்கிறோம். ஒருவகைப் பிழை இருபக்கமும் சாயும். ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மற்றொரு வகைப் பிழை ஒரே பக்கம் சாய்வது. அது கழிவதில்லை, ஆட்கள் கூடக்கூட அதுவும் கூடுகிறது. முன்னது மனிதனின் அறியாமை. பின்னதில் பெரும்பாலும் மனிதனின் வசதி கலந்திருக்கிறது. எண் சிறிதாக இருப்பது பலருக்கு வசதி. சிறிய எண்ணைக்கொண்டு கணக்கிட்டால் இன்னும் இரண்டு பெட்டிகளை ஏற்றலாம். ஒரு பயணியை இறக்கிவிடாமல் தப்பலாம். எண் பெரிதானால் இருக்கை வெறுமையாகும், வருவாய் குறையும். பழைய எண்ணைத் தொடாமல் விடுவதால் இலாபம் இருக்கும்போது, அதைத் தொட்டுப் பார்க்கும் கைகள் அரிதாகிவிடுகின்றன.

நீரிலும் இதே கதை நடந்தது. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரியில் முதியோர் நாற்பத்தேழு பேருடன் சென்ற ஈதன் ஆலன் என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபது பேர் மாண்டனர். ஆளொன்றுக்கு 140 பவுண்டு என்ற பழைய கணக்கின்படி அப்படகுக்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஐம்பது பேருக்கு இசைவு பெற்றிருந்த அது, முறையாகக் கணக்கிட்டால் பதினான்கு பேரைத்தான் ஏற்றியிருக்கவேண்டும் என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்த எண்ணை 185 பவுண்டாக உயர்த்தியது 2011இல். இருபது பேர் மாண்டபின் ஆறாண்டுகள் கழித்து!

அனுமானம் ஒருவகைக் கடன் என்பதே நாம் சொல்லவருவது. உண்மையிடமிருந்து நாம் சிறிது காலத்துக்கு ஒரு தொகையைக் கடனாகப் பெறுகிறோம். கடன் வாங்குவது குற்றமன்று. தவணை தவறாமல் திருப்பிச் செலுத்தினால் போதும். அவ்வப்போது மெய்யாக நிறுத்துப் பார்த்து எண்ணைத் திருத்துவதே அந்தத் தவணை. தவணை கட்டாத கடன் உள்ளுக்குள் வளர்கிறது. ஒருநாள் யாரோ ஒருவர் வாசலில் அது வந்து நிற்கிறது. கடன் வாங்கியவர் வாசலில் அது நிற்பதேயில்லை என்பதுதான் கொடுமை.

யாருடைய சராசரி?

எண் பழையதாகாமல் இருந்தாலும், பொருந்தாத மனிதர்மேல் அதை ஏற்றினால் தீங்கு விளையும். 1985ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள கேண்டர் நகரில் ஏரோ ஏர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் எழுந்தவுடன் வீழ்ந்தது. சினாய்ப் பகுதியில் அமைதிப்பணி முடித்து வீடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர் 248 பேரும் பணியாளர் எண்மரும் மாண்டனர். சிறகில் படிந்த பனியே காரணமாக இருக்கலாம் என்று விசாரணைக் குழுவில் ஐவர் கூறினர். நால்வர் அதை ஏற்காமல் வேறு கருத்து எழுதினர். ஆனால் கணக்கில் ஒரு பிழை வெளிப்பட்டது. வீரர் ஒருவருக்கு 170 பவுண்டு என்று எழுதப்பட்டிருந்தது. கருவிகளும் மூட்டையும் தாங்கிய இளைஞர்களின் எடை தலைக்கு 220 பவுண்டு அளவில் இருந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். சாதாரணப் பயணிகளின் சராசரியைப் போர்வீரர்களுக்கு அணிவித்துவிட்டார்கள். ஊரார் அனைவரின் சராசரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விமானத்தில் ஊரார் அனைவரும் ஏறுவதில்லையே!

அண்மையில் நடந்த மற்றொன்று வேடிக்கைபோல் தோன்றும்; ஆயினும் வேடிக்கையன்று. 2020ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து மயோர்க்கா தீவுக்கு ஒரு போயிங் 737 புறப்பட்டது. பயணிகள் 187 பேர். அதிலிருந்த முப்பத்தெட்டுப் பெண்களின் எடை குழந்தைகளின் கணக்கில், தலைக்கு 35 கிலோவாகப் பதிவாகியிருந்தது. உரிய கணக்கு 69 கிலோ. காரணம், அவர்கள் தம் பெயருக்குமுன் 'மிஸ்' என்று எழுதியிருந்தனர். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதியவரின் நாட்டில் 'மிஸ்' என்பது சிறுமியைக் குறிக்கும். இங்கிலாந்திலோ மணமாகாத எந்தப் பெண்ணையும் குறிக்கும். ஒரு சொல்லின் வழக்கு வேறுபட்டதால் சுமைப்பட்டியலில் 1,200 கிலோவுக்கு மேல் மறைந்துபோயிற்று. அந்தக் குறை முன்னரே கண்டறியப்பட்டு, கையால் திருத்தும் ஏற்பாடும் இருந்தது. அன்று அது நடைபெறவில்லை. விமானம் நலமாகவே சென்று இறங்கியது. பாதுகாப்புக்கென விட்டுவைத்த இடைவெளி அன்று காத்தது.

மனிதர்களை ஒரு பெயரின்கீழ் அடைத்து, அந்தப் பெயருக்கு ஓர் எடையையும் ஒட்டிவிடுவது எவ்வளவு எளிது! எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தமக்குப் பழக்கமான உலகமே முழு உலகம் என்று எண்ணியது ஒன்றே அவர் செய்த தவறு.

நாணமும் பாதுகாப்பும்

எல்லோரையும் நிறுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று சிலர் கேட்கலாம். கேட்பது எளிது. கூட்டத்தின் நடுவே, முன்பின் அறியாதவர் பார்த்து நிற்க, எடைப்பொறியின்மேல் ஏறி நிற்கவேண்டிய ஒருவரின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள். உடல் பருத்தவருக்கு அது அவமானம். நோயால் மெலிந்தவருக்கும் அது அவமானமே. கருவுற்ற தாய்க்குக் கூச்சம். மனிதனின் கண்ணியமும் காக்கப்படவேண்டிய பொருள்தான். அதை இழந்து பெறும் பாதுகாப்பு முழுமையான பாதுகாப்பாகாது.

சமோவாத் தீவின் சிறு விமான நிறுவனம் ஒன்று பயணக் கட்டணத்தையே எடைக்கேற்ப வாங்குவதாக 2013இல் செய்தி பரவியது. கனத்தவர் மிகுதியாகக் கொடுக்கட்டும் என்பது அதன் நியாயம். சிறு விமானத்துக்குச் சுமை அறிவது இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்காக அறிவது வேறு, அறிந்ததற்கு விலை கூறுவது வேறு. 2016இல் அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்கும் ஹொனலூலுவுக்கும் இடையே பறந்த நிறுவனம், சுமையைப் பரப்பி வைப்பதற்காகப் பயணிகள் இருக்கையை முன்கூட்டித் தேர்ந்துகொள்வதை நிறுத்தியது. அந்த வழியில் பயணிகள், கைப்பைகளின் எடை கணக்கைவிட மிகுந்திருப்பதாக ஆய்வில் கண்டதே காரணம். எங்கள் தீவு மக்களுக்குமட்டும் ஏன் இந்த விதி என்று அங்குள்ளோர் முறையிட்டனர். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முறையீட்டை ஏற்கவில்லை. நிறுவனத்தின் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆயினும் ஒரு சமூகத்தைமட்டும் தனியே எடுத்து அளக்கும்போது, அளக்கப்படுவோர் நெஞ்சில் ஒரு முள் தைக்கத்தான் செய்யும். அம்முள்ளை வெறும் கணக்கால் எடுத்துவிட முடியாது.

நடுவழி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 2023ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கி ஜூலைத் தொடக்கம்வரை, ஏர் நியூசிலாந்து நிறுவனம் ஆக்லாந்து நகரிலிருந்து வெளிநாடு செல்லும் பயணிகளில் பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோரை நிறுத்துப் பார்க்க முற்பட்டது. எடைப்பொறியில் எண் எவர் கண்ணுக்கும் தெரியாது. பயணிக்கும் தெரியாது, அருகே நிற்கும் பணியாளருக்கும் தெரியாது. பெயர் எழுதப்படுவதில்லை. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். எடைமட்டும் கணக்குக்குள் சென்று கலந்துவிடும். 2024 பிப்ரவரியில் பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனமும் ஹெல்சின்கியில் விருப்பமுள்ள பயணிகளைமட்டும் நிறுத்துத் தன் கணக்கைப் புதுப்பித்தது.

இந்த முறையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விமானத்துக்கு வேண்டியது கூட்டுத்தொகை. ஒருவரின் தனி எடை அதற்கு வேண்டியதில்லை. ஊரின் துயரத்தை அறியவேண்டும். அதற்காக ஒருவரின் குறையை அம்பலத்தில் ஏற்றவேண்டியதில்லை. நாணத்தைக் காரணம்காட்டி அறியாமலே இருந்துவிடுவது கோழைத்தனம். அறிவதைக் காரணம்காட்டி நாணத்தைக் கெடுப்பது கொடுமை. இரண்டுக்கும் இடையே வழி தேடும் பொறுமை இருந்தால் வழி கிடைக்கிறது.

நம் பங்கு என்ன?

இதுவரை நிறுவனங்களையும் அரசுகளையும் பேசினோம். நம்மைப் பற்றியும் பேசாவிட்டால் இக்கட்டுரை முறையாகாது. பெட்டியில் கூடிப்போன மூன்று கிலோவை நாம் என்ன செய்கிறோம்? கைப்பைக்கு மாற்றுகிறோம். கைப்பையும் நிறுக்கப்படும் என்று தெரிந்தால், சற்றுத் தொலைவில் நிற்கும் நண்பரிடம் அதைக் கொடுத்துவைக்கிறோம். மேற்சட்டைப் பைகளில் திணித்துக்கொள்கிறோம். தாண்டி வந்தபின் அதைத் திறமை என்று சொல்லிச் சிரிக்கவும் செய்கிறோம்.

ஒருவருடைய மூன்று கிலோவால் விமானம் விழுந்துவிடாது, உண்மைதான். பெரிய விமானங்களில் அதற்கான இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஆனால் நூற்றெண்பது பேரும் அப்படியே நினைத்தால்? ஐந்நூற்று நாற்பது கிலோ. பட்டியலில் இல்லாத ஆறு பயணிகள். கைப்பையில் கூடுதலாக மறைத்துக்கொண்டு செல்பவர் உண்டு. அனுமதித்ததைவிடக் குறைத்துக்கொண்டு அதை மறைத்துச் செல்பவர் எவரேனும் உண்டா? எடையைக் கேட்டால் இரண்டு கிலோ குறைத்துச் சொல்பவர் பலர். கூட்டிச் சொல்பவர் அரியர். எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறோம். நேர்மையான பிழைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தன்னலம் கலந்த பிழைகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். சார்லட் நகரில் நாம் கண்டது இதைத்தான்.

இந்த நியாயம் விமானத்துக்குமட்டும் உரியதன்று. கடையில் எடைக்கல் தேய்வது எப்போதும் விற்பவர் பக்கமே. வேலைக்கு வரும் நேரம் பிந்துவதும் போகும் நேரம் முந்துவதும் ஒரே பக்கமே. நம் பிழைகள் எல்லாம் தற்செயலானவை என்று நாம் நம்புகிறோம். அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தால், தற்செயல் எது, நம் வசதி எது என்பது தெரிந்துபோகும்.

மன்னிப்பும் திருத்தமும்

சார்லட் விபத்துக்குக் காரணமானோர் பலர். வடம் பூட்டியவர், அதை மேற்பார்த்தவர், நிறுவனத்தின் எடைக்கணக்கு முறை, அரசு நிர்வாகத்தின் சராசரி எண்கள், அதன் கண்காணிப்புக் குறைவு ஆகியவற்றை வாரியத்தின் அறிக்கை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தது. பொறுப்பு பலரிடையே பங்கிடப்படும்போது ஒவ்வொருவர் பங்கும் அற்பமாகத் தோன்றும். ஒரு பவுண்டு என்னால், ஒரு பவுண்டு அவரால் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ளலாம். மாண்டவர்களில் ஓர் இளம்பெண்ணின் பெற்றோர் அதற்கு இடம்கொடுக்கவில்லை. இழப்பீட்டுத் தொகையோடு நிற்காமல், பிழையை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், விமான நிலையத்தருகே அமைந்த நினைவிடத்தில், நிறுவனத்தின் தலைவர் மாண்டவர்களின் குடும்பத்தார்முன் நின்று பொறுப்பை ஏற்று வருத்தம் தெரிவித்தார்.

எண்களும் திருத்தப்பட்டன. பயணிக்குக் கோடையில் 190 பவுண்டு, குளிர்காலத்தில் 195, பெட்டிக்கு 30 என உயர்ந்தன. 2019இல் வெளிவந்த வழிகாட்டுதல், எல்லாருக்கும் பொதுவான நிலையான எண் என்பதையே கைவிட்டது. நிறுவனங்கள் தாமே நிறுத்துப் பார்க்கவேண்டும், அல்லது நாட்டின் உடல்நல ஆய்வுகளிலிருந்து எண்ணைப் பெற்று உரிய காலத்தில் புதுப்பிக்கவேண்டும் என்றாயிற்று. கடனுக்குத் தவணை வகுக்கப்பட்டது எனலாம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறுவோம். அறியாத ஒன்றை அனுமானித்து அதன்மேல் பிறர் உயிரை ஏற்றலாமா? ஏற்றலாம், வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த அனுமானம் நம் கையிலுள்ள ஓர் அமானிதம். அதை அவ்வப்போது எடுத்துப் பார்க்கவேண்டும், துடைக்கவேண்டும், அது நம் வசதிப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் நம்மையே ஐயுறவேண்டும். நம்மைச் சூழ்ந்த மனிதரைப் பற்றியும் இப்படி எத்தனையோ எடைகளை நாம் எழுதி வைத்திருக்கிறோம். இவர் தாங்குவார், அவருக்கு இது பாரமில்லை, இவளுக்கு இது போதும் என்று பல்லாண்டுகளுக்குமுன் போட்ட கணக்கு. அவர்களைக் கடைசியாக எப்போது கேட்டுப் பார்த்தோம்?

அடுத்தமுறை விமான நிலையத்தில் பெட்டியை எடைப்பொறியின்மேல் வைக்கும்போது, நாமும் ஒரு பட்டியலில் எண்பத்து நான்கு கிலோவாக எழுதப்படுகிறோம் என்பதை நினைவிற்கொள்வோம். அந்த எண் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் அருகிலுள்ள இருக்கையில் முன்பின் அறியாத ஒருவர் கண்மூடி உறங்குகிறார்.